நெடுநாள் நின்றுபோன பழைய டிராக்டரின் டீசல் பம்ப்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பல ஆண்டுகள் கொட்டகையில் ஓடாமல் நின்ற டிராக்டருக்குப் புது பேட்டரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பும் முதல் ஒரு நிமிடத்தில், அதுவரை கெடாமல் இருந்த டீசல் பம்பும் கெட்டுப்போகலாம். நின்ற காலத்தில் தொட்டியின் அடியில் சேர்ந்த தண்ணீரும் துருவும் பசையும் இருந்த இடத்திலேயேதான் கிடக்கும். அவற்றைக் கிளப்பிப் பம்புக்குள் தள்ளுவது நம் அவசரம். ஆகவே இந்தக் குறிப்பின் பெரும்பகுதி, செல்ஃப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. அவற்றை ஒழுங்காகச் செய்து முடித்தால், பம்பைக் கழற்றவே தேவையில்லாமல் வண்டி ஓடிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு, டீசலை அழுத்தி அனுப்பும் பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 4 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிப்பு 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த இடைவெளியை அடைக்க ரிங்கோ ரப்பரோ கிடையாது. உராய்வைத் தடுப்பதும் கசிவைத் தடுப்பதும் அங்கே நிற்கும் டீசல் படலமே. அந்தப் படலம் காய்ந்து பசையானால் பிளஞ்சர் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு துளித் தண்ணீர் தங்கிவிட்டால் துருப் பிடித்து இறுகிவிடுகிறது. முதல் வகையை வீட்டிலேயே விடுவிக்கலாம். இரண்டாம் வகையில் பிளஞ்சர் விடுபட்டாலும், துரு அரித்த குழியின் வழியே டீசல் கசிந்து அழுத்தம் ஏறாமல் போகும்.

எந்த வகைப் பம்ப்

பழைய டிராக்டர்களில் இரண்டு வகைப் பம்புகளே பெரும்பாலும் காணப்படும். டீசல் வெளியேறும் குழாய்கள் ஒரே வரிசையில் நின்றால் அது இன்லைன் பம்ப். வட்டமாகச் சுற்றி நின்றால் அது ரோட்டரி பம்ப். இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர், பேரல், டெலிவரி வால்வு உண்டு. பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்தியாக வெளியிட்ட பம்பும், ஃபோர்ட்சன் மேஜரில் வந்த சிம்ஸ் பம்பும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. ரோட்டரி பம்பில் ஒரே ஒரு பம்பிங் தொகுதி எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிட்டு அனுப்புகிறது. மாஸ்ஸி ஃபெர்குசன் 35இன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினிலும் பின்னர் வந்த 135இலும் இருக்கும் சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்பும், அமெரிக்க டிராக்டர்கள் பலவற்றில் இருக்கும் ரூசா மாஸ்டர் பம்பும் இவ்வகை.

இந்த வேறுபாடு கோளாறு கண்டுபிடிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது. இன்லைன் பம்பில் ஒரு பிளஞ்சர் கெட்டால் ஒரு சிலிண்டர்தான் ஓயும். ரோட்டரியில் உள்ளே ஏதேனும் சிக்கினால் பெரும்பாலும் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் நின்றுவிடும். ரோட்டரி பம்புடைய வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காவிட்டால், பம்பைத் தொடுவதற்கு முன் அந்தச் சிலிண்டரின் நாசிலைச் சந்தேகிப்பதே முறை. இன்னொரு வேறுபாடும் உண்டு. இன்லைன் பம்பின் கேம் அறையில் (பிளஞ்சர்களைத் தள்ளும் தண்டு சுழலும் இடம்) தனியாக எஞ்சின் ஆயில் நிற்கும் அமைப்பு பலவற்றில் இருக்கிறது. ரோட்டரி பம்ப் முழுவதும் டீசலால் மட்டுமே உயவு பெறுகிறது. ஆகவே டீசல் இல்லாமல் ரோட்டரியைச் சுழற்றுவது ஆயில் இல்லாமல் எஞ்சினை ஓட்டுவதற்குச் சமம்.

நிறுத்தும் வழியை முதலில் உறுதி செய்தல்

வண்டியை எப்படி ஓட வைப்பது என்று யோசிக்கும் முன், ஓடத் தொடங்கினால் எப்படி நிறுத்துவது என்று பார்த்துவிட வேண்டும். டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்பதில்லை. டீசல் நின்றால்தான் நிற்கும். பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் பற்றிய அடுத்த சில நொடிகளில் கட்டுக்கடங்காத வேகத்துக்குப் போய், கனெக்டிங் ராடு உடையும் வரை நிற்காது.

ஆகவே பம்பிலிருந்து ஸ்டாப் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டாப் லீவரை விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்து இறுகியிருப்பதைப் பம்பின் கோளாறு என்று எண்ணிவிடுவது சாதாரணமாக நிகழும் தவறு என்பதால், இரண்டையும் பிரித்துச் சோதிப்பது அவசியம். லீவர் தடையின்றி நகர்ந்து, விட்டவுடன் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். சிம்ஸ் பம்பில் குளிர்நேர ஸ்டார்ட்டுக்காக அதிகப்படி டீசல் தரும் ஒரு குமிழ் உண்டு. அது அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

1950களின் ஃபோர்ட்சன் மேஜர் போன்றவற்றில் காற்றுறிஞ்சலால் இயங்கும் கவர்னர் இருக்கும். இதில் உள்ளே ஒரு தோல் அல்லது ரப்பர் டயஃப்ரம், எஞ்சினின் காற்றுக்குழாயில் உண்டாகும் உறிஞ்சலைக்கொண்டு ரேக்கைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. உறிஞ்சல் இல்லாவிட்டால் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளிவிடும். டயஃப்ரம் காய்ந்து வெடித்திருந்தாலோ, கவர்னருக்குப் போகும் சிறு குழாய் கழன்றிருந்தாலோ எஞ்சின் பறந்துவிடும். சோதிப்பது எளிது. அந்தக் குழாயைக் கழற்றி, ரேக்கை ஸ்டாப் நிலைக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கவர்னரின் குழாய்வாயைக் கட்டைவிரலால் நன்றாக அடைத்துவிட்டு ரேக்கை விட வேண்டும். டயஃப்ரம் நல்ல நிலையில் இருந்தால் ரேக் சிறிது நகர்ந்து அங்கேயே நிற்கும், கட்டைவிரலில் உறிஞ்சல் தெரியும். ரேக் வேகமாக முன்னுக்குப் பாய்ந்தால் டயஃப்ரத்தை மாற்றாமல் அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும், முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, காற்றுவாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையுடன் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். துணியால் மூடினால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையால் மூடுவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

தொட்டியிலிருந்து பம்ப் வாசல் வரை

பழைய டீசலில் புதிய டீசலைக் கலந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதனால் கெட்ட டீசலின் அளவுதான் கூடும். தொட்டியின் அடித் திருகைத் திறந்து முழுவதையும் வடித்து, முதலில் வந்ததைக் கண்ணாடி ஜாடி ஒன்றில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். தண்ணீர் அடியில் தெளிவான கோட்டுடன் பிரிந்து நிற்கும். துரு அதற்கும் கீழே படியும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கறுப்பாகச் சளிபோல ஒன்று தொங்கினால், அது ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வளர்த்தது. அவை வாழத் தண்ணீரும் உண்ண டீசலும் தேவை என்பதால்தான் அந்தக் கோட்டிலேயே தங்குகின்றன. வார்னிஷ் வாடை அடித்தால் டீசல் ஆக்சிஜனேற்றமடைந்து பசையாகிவிட்டது என்று பொருள். பயோடீசல் கலந்த எரிபொருள் கூடுதலாகத் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும், விரைவாகவும் கெடும்.

தொட்டியைக் கழற்றிக் கழுவ முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாதபோது சுத்தமான டீசலை 2 அல்லது 3 லிட்டர் அளவில் பலமுறை ஊற்றி அலசி வடிக்க வேண்டும். தொட்டிக்குள் சிறு கற்களையோ சங்கிலியையோ போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தால், பிறகு தண்ணீர் ஒரு சொட்டும் தங்காமல் உலர்த்தியாக வேண்டும். அரைகுறையாக உலர்ந்த தொட்டி மறுநாளே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். தொட்டியின் வால்வுக்கு உள்பக்கம் மெல்லிய வலை உள்ள வண்டிகளில், அந்த வலையில் பூஞ்சைச் சளி ஒட்டிக்கொண்டு டீசலின் வழியை அடைத்திருக்கும்.

மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. அதை மறந்துவிட்டு நான் மூன்று நாள் பம்போடு போராடியிருக்கிறேன். வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், பிறகு மூச்சடைத்ததுபோல் இழுத்து இழுத்து நின்றுவிடும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும். மூன்றாம் நாள் டீசல் அளவு பார்க்க மூடியைத் திருகியபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டது. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால், அந்தத் துளையின் மேல் குளவி ஒன்று நேர்த்தியாக மண் பூசியிருந்தது. டீசல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பான ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. பம்பின்மேல் பழி போடும் முன் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்க இப்போதெல்லாம் தவறுவதில்லை.

தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய்களைக் கழற்றி ஊதிப் பார்த்து, விரிசல் விட்ட ரப்பர் குழாய்களை மாற்றிவிட வேண்டும். இந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே இல்லாமல் இருந்தும் ஏர் லாக் ஆவதற்கு (குழாயில் காற்று அடைத்து டீசல் நிற்பதற்கு) இதுவே காரணம். சந்தேகம் இருந்தால், பம்புக்குச் சற்று முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைப் பூட்டிக் குமிழ் ஓடுகிறதா என்று பார்க்கலாம். குழாய்களை இணைக்கும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நல்லது. கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மீண்டும் மென்மையாகிவிடும்.

ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பழையதைக் கழுவிப் போடாதீர்கள், புதியதைப் போடுங்கள், ஃபில்டர் கிண்ணத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே துருத் துகள் இருந்தால் பம்பின் வாசலிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஃபீட் பம்பின் டயஃப்ரம் நெடுநாள் காய்ந்து விறைத்திருக்கும். அதன் கைநெம்பை அசைத்தால் டீசல் துள்ளித் துள்ளி வர வேண்டும். நெம்பு தளர்வாக ஆடி எதையும் தள்ளாவிட்டால், பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன், எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அசைத்துப் பாருங்கள். கேம் அதன் புயத்தை ஏற்கெனவே அழுத்திக்கொண்டு நின்றால் கைநெம்புக்கு வேலையே இருக்காது. டயஃப்ரம் கிழிந்த ஃபீட் பம்ப் டீசலை எஞ்சின் ஆயிலுக்குள் விடுவதும் உண்டு. ஆயில் குச்சியில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் அதையும் கருத வேண்டும்.

இன்லைன் பம்பில் சிக்கிய பிளஞ்சர்

நெடுநாள் நின்ற இன்லைன் பம்பில் உண்மையான கோளாறு என்றால் பெரும்பாலும் இதுதான். பம்பின் பக்கவாட்டில் இரண்டு மூன்று திருகுகளால் பிடிக்கப்பட்ட மூடியைக் கழற்றினால், வரிசையாக ஸ்பிரிங்குகளும் அவற்றின் கீழே, கேம் மேலே தள்ளும் டேப்பெட்டுகளும் தெரியும். மூடியைத் திறக்கும் முன் பம்பின் வெளிப்புறத்தை டீசலும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். நூல் உதிரும் வேஸ்ட் துணியை இந்த வேலையில் எங்குமே பயன்படுத்தாதீர்கள்.

நாசில்களைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கவனியுங்கள். நல்ல பிளஞ்சரின் ஸ்பிரிங் சுருங்கி, விரிந்து, டேப்பெட்டை விட்டுப் பிரியாமல் கூடவே இறங்கும். சிக்கிய பிளஞ்சரின் ஸ்பிரிங் மட்டும் சுருங்கியபடியே மேலே நின்றுவிடும். டேப்பெட் கீழே இறங்கியிருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். மூன்று ஸ்பிரிங்குகள் ஒரே உயரத்தில் நிற்க, நான்காவது மட்டும் குட்டையாக நிற்கும் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. எல்லாப் பிளஞ்சர்களையும் ஒரே ரேக் சேர்த்துத் திருப்புவதால், ஒன்று பிடித்துக்கொண்டாலே ரேக் முழுவதும் அசையாமல் போகும். ஸ்டாப் லீவர் நகரவில்லை என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

விடுவிக்கும் முறை பொறுமையைக் கேட்பது. அந்தப் பிளஞ்சருக்கு மேலே உள்ள டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் வால்வையும் அதன் இருக்கையையும் எடுத்து, சுத்தமான தட்டில் டீசல் ஊற்றி அதில் வைத்துவிடுங்கள். வால்வும் இருக்கையும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்திய ஜோடி. பிளஞ்சரும் பேரலும் அப்படியே. ஒரு சிலிண்டருடையதை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால் இரண்டும் வீண். திறந்த பேரலுக்குள் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, கீழிருந்து ஸ்பிரிங்கின் ஊடாகவும் தெளித்து, முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் அந்தக் கேம் அடிவட்டத்தில் இருக்கும்படி எஞ்சினைச் சுற்றி வைத்து, பேரலின் துளையைவிட மெல்லிய பித்தளைக் கம்பியைப் பிளஞ்சரின் தலையில் ஊன்றி, சிறு சுத்தியால் தட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் அளவுக்கே தட்ட வேண்டும். இறங்கினால், அகலமான திருப்புளியால் டேப்பெட்டை மெல்ல நெம்பி மீண்டும் ஏற்றுங்கள். இப்படிப் பல தடவை ஏற்றி இறக்கி, இடையிடையே எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால், முதலில் முரண்டு பிடித்தது கடைசியில் ஸ்பிரிங்கின் விசையிலேயே ‘டக்’ என்று கீழே விழும். அந்த ஓசை தட்டாமல் நெம்பாமல் ஒவ்வொரு முறையும் கேட்டால்தான் வேலை முடிந்தது.

இரண்டு நாள் ஊறியும் அசையாததை மேலும் அடிப்பதில் பயனில்லை. அது துருவால் இறுகியது, பட்டறைக்குப் போக வேண்டியது. அதேபோல், பிளஞ்சரைத் திருப்பும் புயத்தைக் குறட்டால் பிடித்துத் திருகுவது பெரிய தவறு. அந்தப் புயங்கள் எந்தக் கோணத்தில் இறுக்கப்பட்டிருக்கின்றனவோ அதைப் பொறுத்தே எல்லாச் சிலிண்டருக்கும் சம அளவு டீசல் போகிறது. அது ஒருமுறை நழுவிவிட்டால் டெஸ்ட் பெஞ்சில் வைத்துக் கேலிபரேஷன் செய்தாலன்றிச் சரியாகாது. ஈயத்தால் முத்திரையிட்ட திருகுகளையும் இதே காரணத்துக்காகத் தொடாமல் விட வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது டெலிவரி வால்வு ஹோல்டரைப் பலம்கொண்ட மட்டும் இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் பேரல் மைக்ரான் கணக்கில் நெளிந்து, இப்போதுதான் விடுவித்த பிளஞ்சர் மீண்டும் கடினமாகிவிடும். அந்தப் பம்பின் கையேட்டில் கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, இறுக்கியபின் ரேக்கை மறுபடி நகர்த்திப் பார்ப்பது என் வழக்கம். கேம் அறையின் ஆயிலையும் இப்போதே வடித்துவிடுங்கள். அது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீர்த்து மட்டம் உயர்ந்திருந்தால் பிளஞ்சர்களைத் தாண்டி டீசல் இறங்கியிருக்கிறது.

ரோட்டரி பம்ப்

இதில் நம் கை எட்டும் தூரம் குறைவு. டி.பி.ஏ. பம்பில் ரோட்டர் என்ற உருளை, ஹைட்ராலிக் ஹெட் என்ற உறைக்குள், பிளஞ்சருக்குச் சொன்ன அதே நுண்ணிய இடைவெளியில் சுழல்கிறது. அது துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது செல்ஃப் போட்டால், எஞ்சின் நிற்காமல் சுழன்று உள்ளே உள்ள டிரைவ் தண்டை முறித்துவிடும். ஆகவே பம்பைச் சுழலவிடும் முன், மேலே உள்ள காற்றுத் திருகைக் கழற்றி, சுத்தமான டீசலை உள்ளே நிரப்பி ஒன்றிரண்டு நாள் ஊறவிட வேண்டும். பிறகு நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மட்டும் சுற்றுங்கள். எங்காவது இறுக்கிப் பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பம்பை எஞ்சினோடு இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சில் உள்ள டைமிங் கோடுகளை (டீசல் பீச்சும் நேரத்துக்கான அடையாளங்களை)க் குறித்துக்கொண்டு பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே சிக்கனம்.

ரோட்டர் நன்றாகச் சுழன்றும் நாசில்களுக்கு டீசல் போகாவிட்டால் இரண்டு இடங்கள் சந்தேகத்துக்குரியவை. டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு பசையால் மூடிய நிலையிலேயே ஒட்டியிருக்கலாம். குறிப்பாக ஸ்டாப் குமிழை இழுத்தபடி நிறுத்திவைத்த வண்டிகளில் இது நேரும். ஊறிய பம்பில் ஸ்டாப் லீவரையும் ஆக்சிலரேட்டர் லீவரையும் நிதானமாகப் பலமுறை அசைத்தால் அது பெரும்பாலும் விடுபடும். மற்றொன்று, பம்பின் கோடியில் உள்ள டிரான்ஸ்ஃபர் பம்பின் பிளேடுகள். அவை தம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளழுத்தமே உண்டாகாது. அவற்றைப் பார்க்கப் பின்மூடியைக் கழற்ற வேண்டும். சுத்தமான மேசையும் புதிய சீலும் கையில் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

ரூசா மாஸ்டர் பம்புக்கு மட்டும் உரிய ஒரு நோய் உண்டு. அதன் கவர்னர் எடைகளைத் தாங்கும் கூட்டில் உள்ள மீள்தன்மையுள்ள வளையம் காலப்போக்கில் நொறுங்கி, காப்பித்தூள் போன்ற கறுப்புத் துகளாகிவிடும். மேல்மூடியில் டீசல் தொட்டிக்குத் திரும்பும் இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் துகள் அங்கே அடைத்து நிற்பது தெரியும். அதைச் சுத்தம் செய்தால் வண்டி அன்று ஓடும், சில நாளில் மீண்டும் அடைக்கும்; வளையத்தை மாற்றுவதொன்றே தீர்வு.

காற்று எடுத்தல்

பம்ப் நன்றாக இருந்தும் ஓடாத வண்டிகளில் பாதி இந்த இடத்தில் அவசரப்பட்டவையாகத்தான் இருக்கும். காற்று அழுங்கும், டீசல் அழுங்காது. குழாயில் ஒரு குமிழ் இருந்தாலும் பிளஞ்சரின் அசைவு முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். தொட்டியிலிருந்து எஞ்சினை நோக்கி, ஓர் இணைப்பையும் தாண்டாமல் வர வேண்டும். முதலில் ஃபில்டர் தலையின் திருகைத் தளர்த்தி, கைநெம்பை அசைத்து, நுரையில்லாத டீசல் வந்தபின் முடுக்குங்கள். இன்லைன் பம்பானால் அடுத்து பம்பின் டீசல் அறைத் திருகு. டி.பி.ஏ. பம்பில் இரண்டு திருகுகள் உண்டு: ஹைட்ராலிக் ஹெட்டின் பக்கத்தில் ஒன்று, கவர்னர் மூடியின் மேல் ஒன்று. ஹெட்டில் உள்ளதை முதலிலும் மேலே உள்ளதைக் கடைசியிலும் முடுக்க வேண்டும். நுரை நின்றபிறகும் இருபது முப்பது முறை நெம்பை அசைப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். நெடுநாள் காலியாகக் கிடந்த பம்பில் ஓய்ந்ததுபோல் இருந்து திடீரென்று இன்னொரு குமிழ்க்கூட்டம் வெளிவருவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பிறகு நாசில் முனையில் ஹை பிரஷர் பைப்புகளின் நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஸ்டாப் குமிழை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்துச் செல்ஃப் போடுங்கள். ஒரு முறைக்கு 10 முதல் 15 நொடிகள் போதும். நடுவே ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆற வேண்டும். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்துத் துடித்து வரத் தொடங்கினால் பம்ப் வேலை செய்கிறது. ஒன்றில் மட்டும் வராவிட்டால், இன்லைன் பம்பில் அந்தப் பிளஞ்சரையும் டெலிவரி வால்வையும் மீண்டும் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராக்டரின் பின்டயரில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 1 பார்; பழைய டிராக்டர்களின் நாசில் திறப்பதோ 120 பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தில் ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் குண்டூசி குத்தியதுபோலச் சிறிதாக, வலியில்லாமல்கூட இருக்கும். ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரே அடிப்பதையும் நான் ஏற்பதில்லை. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது காற்றுக்குழாயிலேயே வெடிக்கும். இல்லாதவற்றிலும் பழைய பிஸ்டன் ரிங்குகளை உடைக்கும்.

ஓடத் தொடங்கியபின்

நட்டுகளை முடுக்கிச் செல்ஃப் போட்டதும் முதலில் வருவது வெள்ளைப் புகையாகத்தான் இருக்கும்; அது எரியாத டீசல். எஞ்சின் சூடேறியதும் மறைந்தால் கவலையில்லை. மறையாமல் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தால், ஓடும்போதே நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக, மேலே துணி போர்த்தி, கையை விலக்கி, ஸ்பானரால் சற்றே தளர்த்திப் பாருங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அந்த நாசிலை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டியபின் கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில் குற்றவாளி. மாறாவிட்டால் பம்பின் அந்தப் பகுதியோ, சிலிண்டரின் அழுத்தமோ காரணம்.

வேகம் தானாக ஏறி இறங்கி ஊசலாடினால் முதலில் காற்றையும், அடுத்து ஒட்டிக்கொண்டு நகரும் ரேக்கையோ மீட்டரிங் வால்வையோ சந்தேகியுங்கள். கவர்னர் ஸ்பிரிங் அதற்கும் பின்னால்தான். இரவில் நிறுத்தி மறுநாள் காலையில் மீண்டும் காற்று எடுக்க வேண்டியிருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. பம்பைக் கழற்றாதவரை டைமிங்கைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறுத்தியபோது சரியாக இருந்த டைமிங் இருபது ஆண்டு நின்றதனால் மாறிவிடாது. கழற்றியிருந்தால் மட்டும், ஃபிளாஞ்சின் கோடுகளைப் பழைய இடத்தில் நேராக்கிப் பூட்டி, இன்லைன் பம்பில் ஐயமிருந்தால் முதல் சிலிண்டரில் டீசல் சொட்டு நிற்கும் புள்ளியைக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.

ஓடிய சில மணி நேரத்தில் பம்பின் சீல்கள் கசியத் தொடங்குவதும் உண்டு. கந்தகம் மிகுந்த பழைய டீசலில் உப்பியிருந்த ரப்பர் சீல்கள், இன்றைய கந்தகம் குறைந்த டீசலில் சுருங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். மூடியின் விளிம்பில் லேசான ஈரம் என்றால் சீல் மாற்றினால் போதும்; தண்டின் வழியே எஞ்சின் ஆயிலுக்குள் டீசல் இறங்குவதாக ஆயில் குச்சி காட்டினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பம்பைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

எதுவும் கசியாமல் சீராக ஓடினாலும் முதல் 10 மணி நேர ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை மறுபடி மாற்றி, கிண்ணத்தின் அடியில் இறங்கியதைப் பாருங்கள். எத்தனை முறை அலசினாலும் தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த துரு வண்டி குலுங்கும்போதுதான் இறங்கும். இரண்டாவது ஃபில்டரிலும் துரு அதே அளவு வந்திருந்தால், இனித் தொட்டியைக் கழற்றாமல் விட முடியாது.